பத்மா லட்சுமிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பத்மா அக்கா,

அமெரிக்க டிவியில் சமையல் நிகழ்ச்சி நடத்திப் பேர் வாங்கிய உங்களைப் பற்றி நம்ம ஊர்ப் பத்திரிகைகளில் ஏதாவது வந்தால் 'சென்னைப் பொண்ணு' என்றுதான் ஆரம்பிப்பார்கள். 1970-ல் இங்கே பிறந்தீர்கள், பள்ளி விடுமுறைக்குத் தாத்தா பாட்டி வீட்டுக்கு வந்து போனீர்கள், அதெல்லாம் சரி. ஆனால் எனக்குச் சொல்லத் தோன்றுவது வேறு: நாலு வயதில் போய் இறங்கிய அமெரிக்காவை நீங்கள் உங்கள் ஊராக ஆக்கிக்கொண்ட விதத்தைப் பற்றி.

அது லேசில் நடக்கவில்லை என்பது உங்கள் பேட்டிகளைப் படித்தவர்களுக்குத் தெரியும். பள்ளியில் உங்கள் பெயரே பாரமாகிப்போய், கொஞ்ச காலம் ஏஞ்செலிக் என்று வைத்துக்கொண்டீர்கள். 14 வயதில், கலிஃபோர்னியாவில் மாலிபு இந்துக் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது கார் விபத்து, வலது கையில் நீளமாக ஒரு தழும்பு. அந்தத் தழும்போடுதான் மாடலிங் போனீர்கள், அதை மூடி மறைக்காமல்தான் 'டாப் செஃப்' என்ற சமையல் போட்டி நிகழ்ச்சியில் கை தெரிகிற உடையில் வந்து நின்றீர்கள். உடம்பில் சின்ன வடு இருந்தாலே 'கல்யாணத்துக்கு முன்னாடி இதைச் சரி பண்ணணும்' என்று கேட்டு வளர்கிற நம் வீட்டுப் பெண்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

2006-லிருந்து 2023 வரை அந்த நிகழ்ச்சியில் இருந்தீர்கள். தட்டு உங்கள் முன்னால் வரும், ருசி பார்ப்பீர்கள், தீர்ப்புச் சொல்வீர்கள். அந்த நாற்காலியே போதும் என்று இருந்திருக்கலாம். 2020-ல், அமெரிக்காவின் பல சமூகங்களின் சாப்பாட்டைத் தேடிப் போகிற 'டேஸ்ட் தி நேஷன்' தொடரைச் செய்தபோது எழுந்து அடுத்தவர் அடுப்படிக்குப் போனீர்கள் பாருங்கள், என் மதிப்பில் நீங்கள் உயர்ந்தது அங்கேதான்.

தெற்கு கரோலினாவில் சார்ல்ஸ்டன் பக்கம், ஆப்பிரிக்க அடிமைகளின் சந்ததியான கல்லா கீச்சி மக்களிடம் போன அந்த அத்தியாயம் என் மனதை விட்டுப் போகவே இல்லை. மேற்கு ஆப்பிரிக்காவில் நெல் விளைவிக்கத் தெரிந்தவர்களை அடிமைகளாகப் பிடித்துக் கப்பலேற்றி, கரோலினா சதுப்பு நிலத்தில் நெல் வயல் வெட்டவைத்தார்கள், அதில் கொழித்தது முதலாளிகள். ஆனால் தக்காளி போட்டுச் சமைத்த சிவப்புச் சோறும் வெண்டைக்காய் சூப்பும் அந்தச் சந்ததியின் கையில் இன்னும் இருக்கிறது. பி.ஜே. டென்னிஸ் மாதிரி ஒரு சமையல்காரர் பேசும்போது நீங்கள் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். தினம் வெண்டைக்காய் நறுக்குகிற எனக்கு, இதே காய்க்கு அங்கே இப்படி ஒரு வரலாறு இருப்பது உங்களால்தான் உறைத்தது.

மெக்சிகோ எல்லையை ஒட்டிய டெக்சாஸ் நகரமான எல் பாசோவுக்குப் போன அத்தியாயமும் அப்படித்தான். எல்லைப் பாலத்தைத் தாண்டி மெக்சிகோவின் ஹுவாரெஸிலிருந்து வேலைக்கு வந்து போகிறவர்களின் கையால் சாப்பிட்டுக்கொண்டே அவர்களை உள்ளே விடக்கூடாது என்று பேசுகிற அரசியலை, நீங்கள் கத்தாமல், சாப்பாட்டு மேஜையிலேயே வைத்துக் கேட்டீர்கள். குடியேறி வந்தவர்களின் உரிமைக்காக ஏசிஎல்யு என்கிற அமெரிக்கக் குடியுரிமை அமைப்பின் தூதராகப் பேசுவதும் இதே வேலையின் தொடர்ச்சி என்றுதான் நினைக்கிறேன். (கடுமையான மாதவிடாய் வலி தரும் எண்டோமெட்ரியோசிஸ் நோய் பற்றி நீங்கள் வெளியே பேசியதற்குத் தனியாகவே ஒரு கடிதம் எழுத வேண்டும். மாதவிடாய் வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்ளச் சொல்கிற வீடுகள் இங்கே ஏராளம்.)

தோசை அத்தியாயத்தில் உங்கள் அம்மா வந்தார். எனக்கு அது போதவில்லை அக்கா. விவாகரத்துக்குப் பிறகு, சின்னக் குழந்தையைத் தாத்தா பாட்டியிடம் விட்டுவிட்டு, 1970களில் தனியாகப் போய் நியூயார்க்கில் நர்ஸாக வேலை பார்த்து, அப்புறம் மகளை அழைத்துக்கொண்ட பெண் அவர். 1965-ல் அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் மாறிய பிறகு அப்படிப் போன நர்ஸுகள் எத்தனையோ பேர். நைட் ட்யூட்டி முடித்து வந்து என்ன சமைத்தார்கள், கறிவேப்பிலைக்கு எங்கே போனார்கள், ஊருக்குப் பணம் அனுப்பியது போக என்ன மிஞ்சியது என்று கேட்க உங்களைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. அவர்களில் பலருக்கு இப்போது எழுபது, எண்பது வயது. அடுத்து கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது முதலில் அவர்கள் வீட்டுக்குப் போங்கள்.

அன்புடன்,
சென்னையிலிருந்து உங்கள் ரசிகை