பார்க்கிங்கில் ஒரு பிளக் பாயிண்ட்: குடியிருப்போர் சங்க நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

சென்னையின் அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கங்களின் தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லோருக்கும் வணக்கம்.

மேடவாக்கத்தில் 36 வீடுகள் உள்ள ஒரு குடியிருப்பில் இருக்கிறேன். 24 கிலோவாட் மணி (அதாவது 24 யூனிட் கரண்ட் கொள்ளும்) பேட்டரி வைத்த டாடா டியாகோ மின்சாரக் கார் வாங்கி இரண்டு வருடம் முடிந்துவிட்டது. முதல் எட்டு மாதம் என்னால் வீட்டில் சார்ஜ் போட முடியவில்லை. என் சொந்தப் பார்க்கிங்கில், என் சொந்தச் செலவில், என் வீட்டு மீட்டரிலிருந்து ஒரு பிளக் பாயிண்ட் இழுத்துக்கொள்ள எங்கள் சங்கம் சம்மதிக்கவில்லை. அப்புறம் பேசிப் பேசிச் சம்மதித்தார்கள். அவர்கள் மேல் எனக்கு இப்போது வருத்தம் எதுவும் இல்லை. அவர்கள் கேட்ட கேள்விகளில் பாதி நியாயமானவை. ஆனால் இதே அனுமதிக்காக இன்னும் அலைந்துகொண்டிருக்கும் நண்பர்கள், அலுவலகத்துக்காரர்கள் வாரம் ஒருவராவது என்னிடம் பேசுகிறார்கள். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

கார் வாங்கிய நாளிலிருந்து ஒவ்வொரு சார்ஜையும் ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். அந்தக் கணக்கைப் பார்த்தால், சின்ன மின்சாரக் கார் லாபமா நஷ்டமா என்பதைக் காரின் மாடலைவிட, ராத்திரி அது நிற்கும் இடத்தில் ஒரு சாக்கெட் இருக்கிறதா என்பதுதான் முடிவுசெய்கிறது என்று தெரியும். அந்த முடிவு உங்கள் கையில் இருக்கிறது.

முதலில் எவ்வளவு தூரம் ஓடும் என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாம் அதில் தொங்குகிறது. 2022இல் இந்தக் கார் வந்தபோது ஒரு முழு சார்ஜுக்கு 315 கி.மீ. என்று அறிவித்தார்கள். அது ரோலர் மேல், ஏசி போடாமல், நிதானமான வேகத்தில் ஓட்டிப் பார்க்கும் அரசுச் சோதனை தரும் எண். நம் சாலையில் எனக்குக் கிடைப்பது சுமார் 200. ஜிஎஸ்டி சாலையில் 95இல் போனால் 165. வேகம் கூடக் கூடக் காற்றின் எதிர்ப்பு அதைவிட வேகமாகக் கூடுகிறது. பெட்ரோல் காரில் நாம் கவனிக்காத அந்த விஷயம் இங்கே மீட்டரில் அப்பட்டமாகத் தெரியும். மே மாதம் பள்ளிக்கரணை நெரிசலில் ஏசியோடு ஊர்ந்தால், ஒரு மணி நேரத்தில் ஏசி மட்டும் குடிக்கும் கரண்டில் கார் ஏழெட்டு கி.மீ. போயிருக்கலாம்.

இதிலும் 200ஐ முழுக்கப் பயன்படுத்த முடியாது. 20 சதவீதத்துக்குக் கீழே இறக்க மனசு வராது. 90க்கு மேல் வேக சார்ஜர் மிகவும் மெதுவாகிவிடும். ஆக, சார்ஜிங் நிலையத்தை மட்டும் நம்பி இருப்பவருக்கு ஒரு தடவைக்குக் கைக்கு வருவது 140 கி.மீ. வீட்டில் சாக்கெட் இருப்பவருக்கு இந்தக் கவலையே கிடையாது. கிண்டிக்குப் போய்வர எனக்கு 30 கி.மீ.; கடை கண்ணி சேர்த்து 35 என்று வையுங்கள். அதற்கு ஐந்து யூனிட்கூட ஆகாது. இரவு ஒன்றரை மணி நேரம் சாதாரண 15 ஆம்பியர் பிளக்கில் போட்டால் திரும்ப நிரம்பிவிடும். காலையில் எடுக்கும்போது தினமும் முழு வண்டி. சின்ன பேட்டரி குறையாகத் தெரிவது, தினமும் நிரப்ப வழி இல்லாதவருக்கு மட்டும்தான்.

அந்த எட்டு மாதத்தில் ஒரு நாளைச் சொல்கிறேன். அம்மாவைக் கூட்டிக்கொண்டு காஞ்சிபுரம் போயிருந்தேன். போய்வர 140 கி.மீ. முந்தின நாள் மாலை நிலையத்தில் வரிசை நீளமாக இருந்ததால் 75 சதவீதத்தோடு கிளம்பிவிட்டேன். திரும்பும் வழியில் நம்பியிருந்த சார்ஜர் வேலை செய்யவில்லை. ஒரகடத்தில் 24 சதவீதம். ஏசியை நிறுத்தி, ஜன்னலை இறக்கி, 50க்கு மேல் போகாமல் வண்டலூர் வந்து சேர்ந்தேன். அம்மாவுக்கு 71 வயது. புடவைத் தலைப்பால் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "ஒண்ணும் இல்லம்மா, நீ மெதுவா ஓட்டு" என்று மட்டும் சொன்னாள். வீட்டில் ஒரு சாக்கெட் இருந்திருந்தால் அன்றைக்கு முழு சார்ஜோடு கிளம்பி, வழியில் எங்கேயும் நிற்காமல் வீடு வந்திருப்போம்.

சரி, பணத்துக்கு வருகிறேன்.

மாதம் ஆயிரம் கி.மீ. ஓட்டுகிறேன். சுவர் பிளக்கிலிருந்து எடுக்கும் ஒரு யூனிட்டுக்கு எனக்கு ஏழே கால் கி.மீ. கிடைக்கிறது. காருக்குள் திரை காட்டும் எண் இதைவிட நன்றாக இருக்கும். சார்ஜ் ஏறும்போது வீணாகும் கரண்டை அது காட்டாது, நமக்கு பில் அதற்கும் சேர்த்துத்தான் வரும். ஆக இரண்டு மாதத்துக்குக் காருக்கு மட்டும் 275 யூனிட் அளவில்.

இந்த 275க்கு என்ன விலை என்பதில்தான் பலர் தவறு செய்கிறார்கள். நம் மாநில வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறுவது. 2024 ஜூலையில் வந்த கட்டணப்படி முதல் 100 யூனிட் இலவசம்; 400 வரை ஐந்து ரூபாய்க்குள்; 500ஐத் தாண்டினால் எட்டரை ரூபாயை ஒட்டி; 600க்கு மேல் ஒன்பதரையை ஒட்டி; ஆயிரத்துக்கு மேல் பதினொன்றையும் தாண்டும். போதாததற்கு, மொத்தம் 500ஐத் தாண்டிய வீட்டுக்கு 101 முதல் 200 வரையான யூனிட்டுக்குக் கிடைத்த சலுகையும் போய்விடும். காரின் யூனிட்கள் மலிவான படியில் உட்காருவதில்லை. ஏற்கெனவே இருக்கும் பில்லின் உச்சியில் போய் ஏறுகின்றன. கார் வருவதற்கு முன் எங்கள் வீட்டில் 460 யூனிட், 1,550 ரூபாயை ஒட்டி வரும். வந்தபின் 735. பில்லில் கூடியது ஏறத்தாழ 2,600 ரூபாய். அதாவது கி.மீ.க்கு 1 ரூபாய் 30 காசு. கார் விற்பவர்கள் சொல்லும் "ஒரு ரூபாய்க்கு ஒரு கிலோமீட்டர்" எனக்கு வரவில்லை. கோடையில் இரண்டு ஏசி ஓடும் வீட்டுக்கு ஒன்றரை ரூபாய்கூட ஆகலாம்.

அப்படியே இருந்தாலும், என் பழைய பெட்ரோல் கார் நகரத்தில் லிட்டருக்கு 15 கொடுத்தது. லிட்டர் 101 ரூபாய் என்றால் கி.மீ.க்கு 6 ரூபாய் 70 காசு. இரண்டு மாதத்துக்கு 13,400 ரூபாய் போன இடத்தில் 2,600.

வீட்டு சாக்கெட் இல்லாத எட்டு மாதத்தில் நான் கொடுத்தது என்ன? வேக சார்ஜரில் யூனிட்டுக்கு 18 சதவீத ஜிஎஸ்டியோடு 20 ரூபாயைத் தாண்டித்தான் பெரும்பாலும் கொடுத்தேன். இரண்டு மாதத்துக்கு 5,700 ரூபாய் அளவில். பெட்ரோலுக்கு இது இன்னும் குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் வீட்டு விலையைப் போல் இரண்டு மடங்குக்கு மேல். நாலு நாளைக்கு ஒரு தடவை நிலையத்தில் ஒரு மணி நேரம். வரிசை இருந்தால் இரண்டு. எட்டு மாதத்தில் 61 தடவை போயிருக்கிறேன். வேலை முடிந்து வந்து பிள்ளைக்குப் பாடம் சொல்லித் தரவேண்டிய நேரம் அது.

மின்சாரக் கார் வாங்க, அதே அளவு பெட்ரோல் காரைவிட எனக்கு மூன்று லட்சம் அதிகம் ஆனது. வீட்டில் சார்ஜ் போட்டால் வருடத்துக்கு 65,000 மிச்சம். ஐந்து வருடத்துக்குள் அந்தப் பணம் திரும்பிவிடும். நிலையத்தில் மட்டும் போட்டால் ஆறரை வருடம். பேட்டரிக்கு உத்தரவாதமே எட்டு வருடம்தான். சர்வீஸ் செலவு எனக்குப் பெரிதாக இல்லை: இன்ஜின் ஆயில் கிடையாது, கிளட்ச் கிடையாது, ஏசி பில்டர், பிரேக் ஆயில், டயர் என்று முடிந்துவிடுகிறது. மூன்றாம் நபர் காப்பீடு, மோட்டாரின் சக்தி 30 முதல் 65 கிலோவாட் வரை உள்ள மின்சாரக் காருக்கு வருடம் 2,904 ரூபாய் என்று 2022இல் நிர்ணயித்தார்கள். மாதம் 300 கி.மீ. மட்டும் ஓட்டுபவர் என்னிடம் கேட்டால் பெட்ரோல் காரையே வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

இனி உங்கள் தரப்புக் கவலைகள்.

தீப்பிடித்தால் என்ன செய்வது? எங்கள் பொதுக்குழுவில் முதலில் எழுந்த கேள்வி இதுதான். பேட்டரியில் தீப்பிடித்தால் அணைப்பது கடினம், அணைந்தபின் மறுபடி பிடிக்கவும் கூடும். இதை மறைத்துப் பேசக் கூடாது. அதனால் இடம் மாற்றித் தர முடிந்தால், மின்சாரக் கார்களுக்கு அடித்தளத்தின் உள் மூலையைவிடத் திறந்த பக்கத்து இடத்தைக் கொடுங்கள். ஆனால் நான் கண்ணால் பார்த்த ஆபத்து வேறு. இந்தச் சின்னக் கார் பிளக்கில் 3.3 கிலோவாட் எடுக்கும்; 14 ஆம்பியருக்கு மேல். வாட்டர் ஹீட்டர் எடுப்பதும் கிட்டத்தட்ட இதுதான், ஆனால் ஹீட்டர் இருபது நிமிடத்தில் நின்றுவிடும். கார் காலியாக வந்தால் எட்டு ஒன்பது மணி நேரம் இழுக்கும். மெல்லிய ஒயர், தளர்ந்த சாக்கெட், கடையில் வாங்கிய எக்ஸ்டென்ஷன் பெட்டி எல்லாம் அந்த நேரத்தில் சூடாகி உருகும். அனுமதி இல்லாத குடியிருப்புகளில் மூன்றாவது மாடி பால்கனியிலிருந்து ஒயர் தொங்குவதைப் பார்த்திருக்கிறேன், மழையில் நனைந்தபடி. "கூடாது" என்று சொன்னதால் சார்ஜ் போடுவது நிற்கவில்லை, கண்மறைவுக்குப் போனது.

எங்கள் எலக்ட்ரீஷியன் செய்து கொடுத்தது இவ்வளவுதான். மீட்டர் பெட்டியிலிருந்து 4 சதுர மில்லிமீட்டர் செப்பு ஒயர், பைப்புக்குள். பளு மிஞ்சினால் துண்டிக்கும் 20 ஆம்பியர் எம்சிபி. கசிவு வந்தால் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. எர்த்தை அளந்து பார்த்தார், சரியில்லை, புதிதாக எர்த் குழி போட்டோம். கூலியோடு 17,000 ரூபாய், முழுக்க என் பணம். சாக்கெட்டைத் தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில் வைக்கச் சொன்னது எங்கள் செயலாளர். அந்த யோசனைக்கு அவருக்கு என்றைக்கும் நன்றி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருவில் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்பது அவருக்கு நினைவிருந்தது. மழை எச்சரிக்கை வந்தாலே வேளச்சேரி மேம்பாலத்தில் காரைக் கொண்டுபோய் நிறுத்தும் ஊர் நம்முடையது. வெள்ள நாளில் பார்க்கிங் சாக்கெட்களை எல்லாம் ஒரே இடத்தில் அணைக்க ஒரு சுவிட்ச் வையுங்கள்.

அடுத்தது, பொதுப் பணம். எல்லாருடைய மெயின்டனன்ஸில் ஒருவர் கார் ஓட்டுவது நியாயம் இல்லை என்று எங்கள் பொருளாளர் சொன்னார். முழுக்கச் சரி. அதனால்தான் பொது மீட்டரிலிருந்து எடுக்கவே வேண்டாம் என்கிறேன். அந்த இணைப்புக்குக் கட்டணமும் வேறு, கணக்குப் பிரிப்பதும் தலைவலி. அவரவர் வீட்டு மீட்டரிலிருந்து எடுத்தால் சங்கத்துக்கு ஒரு பைசா செலவில்லை. வீட்டு இணைப்பிலேயே கார் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம் என்று மத்திய மின்துறை அமைச்சகம் 2022 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலிலேயே சொல்லியிருந்தது.

பளு தாங்குமா என்பது கடைசி. பத்துக் கார் ஒரே நேரத்தில் போட்டால் 33 கிலோவாட். பழைய கட்டடத்துக்கு இது சின்ன எண் இல்லை. ஆனால் ஒரு காருக்குத் தினமும் வேண்டியது ஒன்றரை மணி நேரம்தான் என்று மேலே சொன்னேனே, இரவு 11 முதல் காலை 6 வரை ஏழு மணி நேரம் இருக்கிறது. முறை வைத்துக்கொண்டால் ஒரே நேரத்தில் மூன்று கார் போதும். எங்கள் குடியிருப்பில் இப்போது நாலு மின்சாரக் கார். இரண்டுக்கு 11 மணி, இரண்டுக்கு 2 மணி என்று டைமர் வைத்திருக்கிறோம். மூன்று பேஸிலும் பிரித்துக் கொடுத்திருக்கிறார் எலக்ட்ரீஷியன். வீட்டின் அனுமதிக்கப்பட்ட பளு போதவில்லை என்றால் மின்வாரியத்தில் விண்ணப்பித்துக் கூட்டிக்கொள்ளும் பொறுப்பையும் கார்க்காரரிடமே விடுங்கள்.

உங்களிடம் நான் கேட்பது, அடுத்த பொதுக்குழுவில் இதை ஒரு தனிப் பொருளாக எடுத்துக்கொள்ளுங்கள் என்பதுதான். எந்த ஒயர், எந்தப் பாதுகாப்பு, எந்த நேரம் என்று ஒரு பக்கத்தில் விதி எழுதுங்கள். விதிக்கு உட்பட்டு விண்ணப்பிப்பவருக்கு ஒரு மாதத்துக்குள் பதில் கொடுங்கள். மறுப்பதாக இருந்தால் காரணத்தை எழுத்தில் கொடுங்கள். சரிசெய்ய முடிந்ததை அவர் சரிசெய்துகொண்டு வரட்டும். எனக்கு எட்டு மாதமும் கிடைத்த பதில் "பார்க்கலாம்" என்பது மட்டும்தான்.

எங்கள் விதித் தாள், எலக்ட்ரீஷியன் வரைந்த படம், என் கணக்கு நோட்டு மூன்றும் நகல் எடுத்து வைத்திருக்கிறேன். உங்கள் கூட்டத்தில் யாராவது வந்து விளக்க வேண்டும் என்றால் ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறேன். எங்கள் பார்க்கிங்கைப் பார்க்க நீங்கள் வந்தாலும் சரி. இரவு 11 மணிக்கு மேல் வந்தால் சார்ஜ் ஓடும்போதே ஒயரைத் தொட்டுப் பார்க்கலாம், சூடாக இருக்கிறதா என்று.

அன்புடன்,
மேடவாக்கத்திலிருந்து, பி பிளாக் இரண்டாம் மாடி