மருந்தடிக்கும் முன் குளவி இருக்கிறதா என்று பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். மரவள்ளி மாவுப்பூச்சி மேலே மெழுகு போர்த்திக் கிடப்பதால் மருந்து அதன்மேல் சரியாகப் படுவதே இல்லை. அதனால்தான் அதை அழிக்க, ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து அனாகைரஸ் லோபசி என்ற சின்னஞ்சிறு குளவியை வரவழைத்து, 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் விட்டார்கள். நல்ல வேலை. அப்புறம்?

இந்தக் குளவி மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டையிடும், அதன் புழு உள்ளேயே தின்று வளரும், ஆரம்பத்தில் வெளியே பார்த்தால் ஒன்றுமே தெரியாது. ஆனால் சில பூச்சிகளைப் பிடித்து அரைத்து டிஎன்ஏவை வரிசைப்படுத்திப் பார்த்தால், குளவி வெளிவரும்வரை காத்திருக்காமலே உள்ளே இருப்பது எந்த இனம் என்று தெரிந்துவிடும். பொறிவண்டும் சிலந்தியும் எதைத் தின்றன என்பதைக்கூட அவற்றின் வயிற்றிலிருக்கும் டிஎன்ஏ சொல்லும் (செரித்துவிடும் முன் பிடித்து ஆல்கஹாலில் போட வேண்டும்).

எங்களுக்கு வரும் ஆலோசனையோ எந்த மருந்து, எத்தனை மில்லி என்பதோடு நின்றுவிடுகிறது. குளவி வளரும் வயலில் மருந்தடித்தால் குளவியும்தான் சாகும். வேளாண் துறை வட்டாரந்தோறும் மாவுப்பூச்சி மாதிரி எடுத்து இப்படிப் பரிசோதித்து, முடிவை உடனே விவசாயிகளிடம் சொல்ல ஏற்பாடு செய்ய வேண்டும்.

– மரவள்ளி விவசாயி, ஆத்தூர்