ஜன்னலைத் திறந்து வைக்க உதவுங்கள்: 2021 நவம்பர் 1-க்கு முன் எங்கள் ஒன்பது பள்ளிகளுக்கு வேண்டியவை

வேதாரண்யம் பக்கத்துக் கடலோரக் கிராமங்களில் பிறந்து இப்போது சென்னை, திருப்பூர், சிங்கப்பூர், துபாய் என்று இருக்கிற எங்கள் அண்ணன் தம்பிகளுக்கும் அக்கா தங்கைகளுக்கும், ஊரிலேயே இருக்கிற பெரியவர்களுக்கும் வணக்கம். நேராக விஷயத்துக்கு வருகிறோம். கொரோனாவுக்காக மூடிய பள்ளி, 2021 நவம்பர் 1-ஆம் தேதி ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை திறக்கிறது. நம் பகுதியில் ஊராட்சி ஒன்றியப் பள்ளிகள் ஒன்பது, அதில் ஆறு தொடக்கப் பள்ளி, மூன்று நடுநிலைப் பள்ளி. 640 பிள்ளைகள் வந்து உட்காரத் தக்கதாக அவற்றைச் சரி செய்ய மொத்தம் 5,68,300 ரூபாய் ஆகும். 2,10,000 ரூபாய் ஊருக்குள்ளேயே திரட்டிவிட்டோம். மீதி 3,58,300 ரூபாய்க்குத்தான் உங்களிடம் வருகிறோம்.

கேட்பது யார் என்றால், ஒன்பது பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் கழகத்தினரும் மேலாண்மைக் குழுவில் இருக்கிற தாய்மார்களும், தலைமை ஆசிரியர்களும், ஓய்வு பெற்ற சுகாதார ஆய்வாளர் ஒருவரும் சேர்ந்த கூட்டுக் குழு. பள்ளிக்கு ஒரு வசூல் என்று தனித்தனியாகப் போகாமல் ஒன்றாகச் சேர்ந்ததற்குக் காரணம் உண்டு. அண்ணன் நடுநிலைப் பள்ளியிலும் தங்கை அடுத்த ஊர்த் தொடக்கப் பள்ளியிலும் படிக்கிற வீடுகள் இங்கே ஏராளம், ஒரு பள்ளியை மட்டும் சரி செய்துவிட்டு அடுத்ததை அப்படியே விட்டால் தொற்று அந்த வீட்டு வழியாகவே வந்து சேரும். அப்புறம், ஒரே கொத்தனார், ஒரே வெல்டர், ஒரே கடையில் மொத்தமாகத் தகரம் என்றால் செலவும் குறையும்.

2020 மார்ச்சில் மூடிய பள்ளி. கிட்டத்தட்ட 20 மாதம் ஆகிறது. இன்று இரண்டாம் வகுப்பில் பெயர் இருக்கிற குழந்தை ஒரு நாள்கூட ஒன்றாம் வகுப்பு அறையில் உட்கார்ந்ததில்லை. கல்வித் தொலைக்காட்சி ஓடியது, வாட்ஸ்அப்பில் பாடம் வந்தது, எல்லாம் உண்மைதான், ஆனால் வீட்டில் இருக்கிற ஒரே போனை எடுத்துக்கொண்டு அப்பா விடியுமுன் கடலுக்கோ உப்பளத்துக்கோ போய்விட்டால் மூன்று பிள்ளைகள் எதைப் பார்த்துப் படிப்பார்கள்? ஏழு, எட்டாம் வகுப்புப் பையன்களில் சிலர் ஏற்கெனவே வேலைக்குப் போகப் பழகிவிட்டார்கள். இன்னும் ஆறு மாதம் போனால் அவர்களைத் திரும்பக் கூட்டி வர முடியாது. பிள்ளைகளுக்குத் தடுப்பூசி வரட்டும், அதுவரை பொறுக்கலாம் என்று சில பெற்றோர் சொல்கிறார்கள். அவர்கள் பயம் நியாயமானது, அதை நாங்கள் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் 18 வயதுக்குக் கீழே தடுப்பூசி போடுவது இந்த 2021 அக்டோபர் வரை தொடங்கவே இல்லை, அது வரும்வரை காத்திருந்தால் இழப்பது இந்தப் பிள்ளைகள்தான். திறக்க வேண்டும், அதைப் பாதுகாப்பாகத் திறக்க வேண்டும் என்பதுதான் எங்கள் முடிவு.

அந்தப் பாதுகாப்பு எதில் இருக்கிறது என்பதில்தான் பணம் தருகிறவர்களோடு கொஞ்சம் மனம்விட்டுப் பேச வேண்டியிருக்கிறது. எங்களிடம் வருகிற கேள்வி எல்லாமே சானிடைசர் எத்தனை கேன் வேண்டும், முகத்துக்கு மாட்டுகிற பிளாஸ்டிக் தடுப்பு எத்தனை வேண்டும், வாசலில் மருந்து தெளிக்கிற வளைவு வைக்கலாமா என்றுதான் இருக்கிறது. வேண்டாம். மருந்து தெளிக்கிற சுரங்க வழியை 2020 ஏப்ரலில் திருப்பூர் சந்தையில் வைத்தார்கள், சில நாட்களிலேயே சுகாதாரத் துறை அதைப் பயன்படுத்தக் கூடாது என்று சொல்லிவிட்டது. மனிதர் மேல் கிருமிநாசினி தெளிப்பதால் கண்ணும் தோலும்தான் கெடும். சானிடைசர் ஆறு வயதுக் குழந்தை கையில் இருக்க வேண்டிய பொருளே இல்லை, குடித்தாலும் ஆபத்து, நெருப்புப் பட்டாலும் ஆபத்து. சோப்புக்கட்டி அதைவிட நன்றாக வேலை செய்யும், விலையும் குறைவு.

எங்களுக்கு வேண்டியது காற்று. கொரோனா வைரஸ் பேசும்போதும் பாடும்போதும் மூச்சு விடும்போதும் வெளியே வருகிற மிக நுண்ணிய துளிகளில் தங்கி, மூடிய அறைக்குள் நெடுநேரம் மிதக்கிறது. மத்திய அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகர் அலுவலகம் 2021 மே மாதம் வெளியிட்ட அறிவுரையில் அது 10 மீட்டர் வரைகூடப் போகும் என்று சொல்லி, காற்றோட்டத்தைத்தான் பெரிதாக வலியுறுத்தியிருக்கிறது. அப்படியானால் பிள்ளைகளை ஆறடி தள்ளி உட்கார வைத்துவிட்டு ஜன்னலை மூடி வைத்தால் பாதி வேலைதான் நடந்திருக்கிறது. ஒரு வகுப்பறையில் ஊதுபத்தி கொளுத்திப் பார்த்தோம். ஜன்னல் எல்லாம் மூடி, மேலே மின்விசிறி மட்டும் ஓடினால் புகை அறைக்குள்ளேயே சுற்றுகிறது, வாசம் அரை மணி கழித்தும் போகவில்லை. எதிரெதிர்ப் பக்கத்து ஜன்னல்களைத் திறந்ததும் சில நிமிடத்தில் வெளியேறிவிட்டது. கிருமி போவதும் ஏறக்குறைய அப்படித்தான். மின்விசிறி காற்றைக் கலக்கும், மாற்றாது.

சரி, ஜன்னலைத் திறக்க எதற்குப் பணம் என்று கேட்பீர்கள். 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் அடித்தது நினைவிருக்கும். அன்று பிய்ந்துபோன ஜன்னல் கதவுகளுக்குப் பதிலாக, கிடைத்த பலகையையும் தகரத்தையும் வைத்து ஆணி அடித்து மூடியதோடு சரி, பல அறைகளில் இன்றுவரை அப்படியேதான் இருக்கிறது. மற்ற இடங்களில் கீல் துருப்பிடித்து நகரவில்லை, அல்லது பீரோ முட்டுக்கொடுத்து நிற்கிறது. இதெல்லாம்கூடச் சின்ன வேலைதான். பெரிய பிரச்சினை பள்ளி திறக்கிற மாதம். ஐப்பசி அடைமழையில், அதுவும் நம் கடற்கரையில், வடகிழக்கிலிருந்து சாரல் அடித்தால் திறந்த ஜன்னல் வழியே புத்தகப் பை, பாய், கரும்பலகை எல்லாம் நனைந்துவிடும். டீச்சர் என்ன செய்வார்? மூடத்தான் செய்வார், யாராக இருந்தாலும் மூடத்தான் செய்வோம். அதனால் மழையிலும் திறந்தே இருக்கும்படி ஜன்னலுக்கு மேல் சரிவாக, அகலமாகத் தகர மறைப்பு வைக்க வேண்டும், கீலை மாற்ற வேண்டும், ஒரு பக்கம் மட்டும் ஜன்னல் இருக்கிற அறைகளில் எதிர்ச்சுவரில் உயரத்தில் காற்றை வெளியே தள்ளுகிற விசிறி பொருத்த வேண்டும். 31 அறைகள், அறைக்குச் சராசரி 4,000 ரூபாய், ஆக 1,24,000. எங்கள் பட்டியலில் முதல் இடம் இதற்குத்தான். மழைக்கு முன்னால் முடித்தாக வேண்டும்.

மூன்று தொடக்கப் பள்ளிகளில் பள்ளிக்கு இருப்பதே இரண்டு அறைகள். வகுப்புக்கு 20 பேருக்கு மேல் கூடாது என்கிற கொரோனாக் கால விதியை அங்கே எப்படிப் பிரித்தாலும் காப்பாற்ற முடியவில்லை, சுழற்சி முறையில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரச் சொன்னால் ஏற்கெனவே இழந்த படிப்பில் இன்னும் பாதி போகிறது. ஆகவே பக்கச் சுவர் இல்லாத கொட்டகை ஒன்று, மூன்று இடத்திலும். ஊரில் கீற்றுக்கா பஞ்சம், நாங்களே வேய்ந்து தருகிறோம் என்று அன்போடு சொன்னவர்கள் உண்டு. அவர்களிடம் நாங்கள் சொன்னதையே இங்கும் சொல்கிறோம்: 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் கீற்றுக் கூரையில் பிடித்த தீயில் 94 பிள்ளைகள் போனார்கள். இனி எந்தப் பள்ளியிலும் கீற்று ஏறக் கூடாது, எவ்வளவு அவசரமாக இருந்தாலும் கூடாது. இரும்புக் கால் நட்டு, கான்கிரீட் அடித்தளத்தில் இறுக்கி, புயல் காற்றுக்குப் பறக்காதபடி தகரம் போட்டால் ஒன்றுக்கு 85,000 ரூபாய் ஆகிறது. மூன்றுக்கு 2,55,000. மொத்தச் செலவில் கிட்டத்தட்டப் பாதி இதுவே. கொரோனா போன பிறகும் அந்தக் கொட்டகை பிள்ளைகளுக்குச் சாப்பிடும் இடமாக, மழை நாளில் விளையாடும் இடமாக நிற்கும்.

தண்ணீருக்கும் கை கழுவும் குழாய்க்கும் 81,000. மேல்நிலைத் தொட்டிகள் 20 மாதம் கிடந்த நிலையில் இருக்கின்றன, உள்ளே இறங்கிக் கழுவ வேண்டும், இரண்டு பள்ளிகளில் மோட்டார் எரிந்துவிட்டது. பிள்ளைகள் உயரத்துக்கு வரிசையாக எட்டுக் குழாய் வைத்தால்தான் சாப்பாட்டு மணி அடித்ததும் ஒரே குழாயில் முண்டியடிக்க மாட்டார்கள். கழிவறை சுத்தம் செய்கிற அக்காக்களுக்கு இப்போது கிடைப்பது பகுதிநேரத் தொகை, வேலையோ இனி இரட்டிப்பு. அதனால் பள்ளிக்கு மாதம் 1,500 ரூபாய், நவம்பரிலிருந்து மார்ச் வரை அவர்களுக்குக் கூடுதல் கூலியாகவும் சோப்புக்கும் சேர்த்து 67,500 ஒதுக்கியிருக்கிறோம். இந்தத் தொகையை யாரும் குறைக்கச் சொல்ல வேண்டாம்.

முகக்கவசம் பிள்ளைக்கு மூன்று. நம் மகளிர் சுய உதவிக் குழுவினர் சிறிய முகத்துக்கு ஏற்ற அளவில் பருத்தித் துணியில் தைத்துத் தர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள், ஒன்று 15 ரூபாய், மொத்தம் 28,800. கடைசியாக 12,000 ரூபாய்க்கு இரண்டு கருவிகள், காற்றில் கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு என்று காட்டுபவை. வெளிக்காற்றில் பத்து லட்சம் பங்குக்கு 400 சொச்சம் இருக்கும், அறைக்குள் அது 1,000-ஐத் தாண்டினால் ஒருவர் விட்ட மூச்சையே மற்றவர் இழுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று புரிந்துகொள்ளலாம். இரண்டு கருவியையும் ஒன்பது பள்ளிக்கும் சுற்றுக்கு விட்டு, எந்த அறையில் இன்னும் வேலை பாக்கி என்று பார்ப்போம்.

பணக்கணக்கில் வராத ஒன்றும் இருக்கிறது. காய்ச்சல், சளி என்றால் பிள்ளையை அனுப்பாதீர்கள் என்று எல்லாப் பெற்றோரிடமும் சொல்லப் போகிறோம். ஆனால் அம்மாவும் அப்பாவும் கூலிக்குப் போகிற வீட்டில் அந்தப் பிள்ளைக்கு மத்தியானச் சாப்பாடே பள்ளிச் சத்துணவுதான். வீட்டில் இரு என்றால் பசியோடு இரு என்று அர்த்தமாகிவிடும், பிறகு காய்ச்சலை மறைத்துத்தான் அனுப்புவார்கள், அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. எனவே காய்ச்சலில் இருக்கிற பிள்ளைக்கு, குணமாகிற வரை, தூக்கில் சாப்பாடும் முட்டையும் வீட்டு வாசலுக்குப் போகும். இதற்கு ஊருக்கு இரண்டு பேர் என்று இளைஞர்கள் பெயர் கொடுத்திருக்கிறார்கள், இன்னும் நான்கு ஊருக்கு ஆள் வேண்டும். மிதிவண்டி இருந்தால் போதும்.

ஊரில் இருக்கிறவர்களிடம் பணத்தைவிட முக்கியமாக ஒன்று கேட்கிறோம். 2021 செப்டம்பர் 12 முதல் மெகா தடுப்பூசி முகாம்கள் நடக்கின்றன. பிள்ளைக்கு இன்னும் ஊசி இல்லாத நேரத்தில், அதைச் சுற்றி இருக்கிற பெரியவர்கள் எல்லாரும் போட்டிருப்பதுதான் அதற்கு இருக்கிற காப்பு. ஆசிரியர்கள் எல்லாரும் போட்டுவிட்டார்கள். பள்ளிக்கு ஏற்றிப் போகிற ஆட்டோக்காரர்கள், சத்துணவு அமைப்பாளர், சமையலர், வாசலில் நெல்லிக்காய் விற்கிற ஆத்தா, வீட்டில் பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்கிற தாத்தா, பாட்டி, யாராவது விட்டுப் போயிருந்தால் அடுத்த முகாமுக்கு நாங்களே கூட்டிப் போகிறோம். பயமாக இருக்கிறது என்று சொன்னால் அதட்ட மாட்டோம், உட்கார்ந்து பேசுவோம்.

பணம் அனுப்புகிறவர்களுக்கு: தனியாள் யாருடைய எண்ணுக்கும் ஜிபே செய்யாதீர்கள், குழுவில் இருக்கிறவர் என்று சொன்னாலும் செய்யாதீர்கள். ஒவ்வொரு பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் கழக வங்கிக் கணக்கு விவரமும் தலைமை ஆசிரியர் கையெழுத்தோடு பள்ளி வாசலிலும் ஊராட்சி அலுவலகத்திலும் ஒட்டியிருக்கிறது, வெளியூரில் இருப்பவர்கள் வீட்டில் யாரையாவது விட்டு அதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வருமான வரி விலக்குச் சான்று எங்களால் தர முடியாது. ரசீது உண்டு, வாரம் ஒரு முறை வரவு செலவு அதே பலகையில் ஏறும். கல்வெட்டு, பெயர்ப் பலகை, பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்துப் போட்டோ எதுவும் கிடையாது. ஓர் அறைக்கு 4,000 என்று கொடுக்கலாம், ஒரு பிள்ளைக்கு மூன்று கவசம் 45 ரூபாய் என்றும் கொடுக்கலாம். தீபாவளி நவம்பர் 4-ஆம் தேதி வருகிறது, எல்லா வீட்டிலும் துணிமணிச் செலவு இருக்கும், தெரிந்துதான் கேட்கிறோம். கஜாவின்போது நீங்கள் கேட்காமலேயே அனுப்பினீர்கள், அந்த நம்பிக்கையில் கேட்கிறோம்.

தகரமும் இரும்பும் அக்டோபர் 22-ஆம் தேதிக்குள் வாங்கினால்தான் வெல்டர் மூன்று கொட்டகையையும் முடிக்க முடியும், ஆகவே அனுப்ப நினைக்கிறவர்கள் அதற்குள் அனுப்புங்கள். வருகிற ஞாயிறு காலை ஏழு மணிக்கு எல்லாப் பள்ளியிலும் புதர் வெட்டி, கதண்டுக் கூடு அகற்றி, தொட்டி கழுவுகிறோம். அரிவாள், மண்வெட்டி, ஏணி இருப்பவர்கள் எடுத்து வாருங்கள். காலைப் பலகாரம் எங்கள் பொறுப்பு.