கடன் வசூலிப்போர் மன்றத்துக்குச் சாட்ஸ்வர்த்திலிருந்து ஒரு திறந்த மடல்

தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் இருந்து வசூல் நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் கடன் வசூலிப்போர் மன்றத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். இம்மடலின் ஆங்கிலப் படி தங்களுக்குத் தனியே வந்து சேரும். டர்பனிலும், எங்கள் சாட்ஸ்வர்த் உட்பட அதைச் சேர்ந்த பகுதிகளிலும் தமிழ் படிக்கக்கூடிய மூத்தோர் சிலர் இன்னும் இருக்கிறார்கள். கடன் வசூலிப்போரின் இனிப்பான தொலைபேசி அழைப்புகள் வருவதும் பெரும்பாலும் அவர்களுக்கே என்பதால் தமிழிலும் எழுதுகிறேன்.

என் அத்தை முதியோர் உதவித்தொகையில் வாழ்பவர். துணிக்கடைக் கணக்கொன்றில் அவருக்குக் கடன் இருந்தது. அதை அவர் என்றும் மறுத்ததில்லை. கடைசித் தவணையைக் கட்டி இரண்டு ஆண்டும் பத்து மாதமும் கடந்த நிலையில் ஒரு வசூல் நிறுவனத்திலிருந்து பெண்ணொருத்தி அழைத்தாள். "ஆன்ட்டி, உங்களைத் தொந்தரவு செய்ய அழைக்கவில்லை, உங்கள் சுமையைக் குறைக்கத்தான் அழைக்கிறோம், நல்லெண்ணத்துக்கு அடையாளமாக ஐம்பது ராண்ட் மட்டும் போடுங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்றாள். அத்தை நெகிழ்ந்துபோய் நூறு ராண்டாகவே செலுத்தினார்.

அந்த நூறு ராண்ட் என்ன செய்தது என்பது தங்களுக்குத் தெரியும், அத்தைக்குத் தெரியாது. 1969ஆம் ஆண்டின் காலாவதிச் சட்டப்படி இத்தகைய சாதாரணக் கடன், வழக்குத் தொடரப்படாமலும் கடன்பட்டவர் அதை ஒப்புக்கொள்ளாமலும் 3 ஆண்டுகள் கழிந்தால் அற்றுப்போகிறது. வீட்டு அடமானம், வரி, நீதிமன்றத் தீர்ப்பால் உறுதியான கடன் ஆகியவற்றுக்கு 30 ஆண்டுகள் என்பது வேறு. இடையில் ஒரு ராண்ட் கட்டினாலும், "ஆம், தர வேண்டியதுதான்" என்று சொன்னாலும், அது ஒப்புதலாகக் கொள்ளப்பட்டு 3 ஆண்டுக் கணக்கு முதலிலிருந்து தொடங்கக்கூடும். இரண்டு மாதங்களில் முடிந்திருக்க வேண்டிய கடனுக்கு அத்தை தம் கையாலேயே மூன்றாண்டு ஆயுள் கொடுத்தார். இது தற்செயலாக நேர்ந்தது என்று நம்புவதற்கு அந்த அழைப்பு வந்த நேரம் இடம் தரவில்லை.

ஏற்கெனவே காலாவதியான கடனை விற்பதையும் மீண்டும் வசூலிக்க முனைவதையும், 2015 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின் மூலம் தேசியக் கடன் சட்டத்தின் 126B பிரிவு தடுக்கிறது. ஆனால் அது காப்பது எல்லையைக் கடந்துவிட்டவரை. எல்லைக்குச் சற்று முன்னால் நிற்பவரிடம் நல்லெண்ணம் என்ற பெயரில் ஐம்பது ராண்ட் கேட்பவரை அது ஒன்றும் செய்வதில்லை.

உதவி என்ற சொல்லைப் பற்றி இன்னும் சற்றுப் பேச வேண்டியிருக்கிறது. 1998ஆம் ஆண்டின் கடன் வசூலிப்போர் சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட கட்டண அட்டவணை, அழைப்புக்கும் கடிதத்துக்கும் தவணையைப் பெற்றுக்கொள்வதற்கும்கூட ஒரு வரம்புக்குள் கடன்பட்டவரிடமிருந்தே கட்டணம் பெற வசூலிப்பவருக்கு இடமளிக்கிறது. பெருந்தொகையைச் சிறு சிறு தவணைகளாகப் பிரித்துத் தருவது கருணைபோலத் தோன்றினாலும், தவணைகள் பெருகப் பெருகக் கட்டணமும் பெருகுகிறது. ஆறுதல் சொல்வதற்கு அழைத்த அந்த அழைப்பும் கணக்கில் ஏறியிருக்கக்கூடும் என்று அத்தையிடம் சொன்னபோது, "அப்படியானால் நான் அவளுக்கு நன்றி சொன்ன நேரத்துக்கும் சேர்த்தா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

கடனில் மூழ்கியவருக்கு உண்மையாகவே உதவுவதற்கென்று சட்டம் வேறொருவரை வைத்திருக்கிறது. தேசியக் கடன் ஒழுங்காணையத்தில் பதிவு செய்த கடன் ஆலோசகர், ஒருவரின் வருமானத்தையும் எல்லாக் கடன்களையும் ஒருசேரப் பார்த்து, மாதத் தவணையைக் குறைக்கும் திட்டத்தை முன்வைக்கிறார். வசூலிப்பவர் பார்ப்பதோ தம் கையில் இருக்கும் ஒரே ஒரு கடனை. அந்த ஐம்பது ராண்ட் மருந்துக்கு வைத்ததா, மின்கட்டணத்துக்கு வைத்ததா என்பது அவருடைய கவலை அன்று. இதைவிடக் கொடியது, அவருடைய இனிய பேச்சில் மாதங்கள் கழிந்து, இதற்கிடையில் கடன்கொடுத்தவர் சட்ட நடவடிக்கையைத் தொடங்கிவிட்டால், அந்தக் கடனை ஆலோசகரின் மறுசீரமைப்புக்குள் கொண்டுவர முடியாமல் போவதுதான்.

வசூலிப்பது குற்றம் என்று நான் சொல்லவில்லை. மிரட்டி வசூலிப்பவரைத் தண்டிக்க மன்றத்துக்கு அதிகாரம் இருக்கிறது. மிரட்டல் என்றால் அத்தைக்கும் உடனே புரிந்திருக்கும், என்னை அழைத்திருப்பார். அன்பாகப் பேசியதால்தான் யாரிடமும் கேட்காமல் பணத்தைச் செலுத்தினார்.

ஆகவே மன்றத்திடம் நான் கேட்பது இதுதான். முதல் ராண்டைப் பெறுவதற்கு முன், தாம் கடன்கொடுத்தவரின் சார்பில் அல்லது கடனை விலைக்கு வாங்கியவரின் சார்பில் பேசுவதையும், கடைசியாகப் பணம் கட்டப்பட்ட நாளையும், இப்போது கட்டினால் காலாவதிக் கணக்கு புதிதாகத் தொடங்கக்கூடும் என்பதையும், அசல், வட்டி, கட்டணம் ஆகியவற்றின் தனித்தனித் தொகைகளையும் வசூலிப்பவர் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று நடத்தை விதியில் சேர்க்கப் பரிந்துரையுங்கள். தொலைபேசியில் வாய்மொழியாகச் சொன்னால் போதாது. கடன்பட்டவரிடம் 'உதவி' என்ற சொல்லைப் பயன்படுத்தும் நிறுவனம், கடன் ஆலோசகர் என்றொருவர் இருப்பதையும் அதே கடிதத்தில் குறிப்பிடட்டும்.

தங்கள் பதில் வந்ததும் அதைத் தமிழில் எழுதி எங்கள் கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதாக அத்தையிடம் சொல்லியிருக்கிறேன்.

இங்ஙனம்,
சாட்ஸ்வர்த் வாசி ஒருவர்