கையுறை போட்டால் கை கழுவ வேண்டாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

முதியோர் இல்லங்களில் இப்போது கையுறைக்குப் பஞ்சமில்லை. ஒரே ஜோடியோடு அறை முழுக்கச் சுற்றுவதுதான் கவலை. எங்கள் பெரியம்மா இருக்கும் இல்லத்தில், பணிப்பெண் ஒரு பாட்டிக்கு டயாப்பர் மாற்றிவிட்டு, அதே கையுறையோடு பக்கத்துக் கட்டிலுக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கிறார். கேட்டால், "கிளவுஸ் போட்டிருக்கேனே சார்" என்கிறார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, யாரும் சொல்லிக்கொடுத்திருந்தால்தானே!

இப்படிச் சுற்றினால் கையுறை காப்பாற்றுவது போட்டவரின் கையை மட்டும்தான். ஒருவருக்கு ஒரு ஜோடி, கழற்றியதும் கை கழுவல் என்பதுதான் முறை. வயிற்றுப்போக்கு பரவும் நேரத்தில் சானிடைசரை மட்டும் நம்பவும் முடியாது. வாந்தி, வயிற்றுப்போக்கை உண்டாக்கும் நோரோ வைரஸ் அதற்கு அவ்வளவாக அசையாது. சோப்பும் தண்ணீரும் வேண்டும்.

2020 தொடக்கத்தில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், கிர்க்லாண்டில் உள்ள ஒரு பராமரிப்பு இல்லத்தில் கொரோனா பரவியது. உடம்பு சரியில்லாமலும் ஊழியர்கள் வேலைக்கு வந்தது, ஒன்றுக்கு மேற்பட்ட இல்லங்களில் வேலை பார்த்தது, பாதுகாப்புக் கவசங்களைச் சரியாகப் பயன்படுத்தப் பழகாதது ஆகியவற்றை அந்நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையமே காரணங்களாகச் சொன்னது. இங்கும் காய்ச்சல் என்று லீவு போட்டால் அன்றைய சம்பளம் போச்சு. வராமல் என்ன செய்வார்கள்?

ஆய்வுக்கு வரும் அதிகாரிகள் கையுறைப் பெட்டிகளை எண்ணிவிட்டுப் போகாமல், ஒரு மணி நேரம் நின்று வேலை நடப்பதைப் பார்க்கட்டும். அறைக்குள்ளேயே வாஷ்பேசின், காய்ச்சல் நாட்களுக்குச் சம்பளத்தோடு விடுப்பு, இந்த இரண்டையும் உரிம நிபந்தனையாக்கட்டும்.

- ஒரு வாசகர், திருச்சி