பள்ளிக்கரணைப் பறவைகளின் கூமுட்டைகளில் தீத்தடுப்பு வேதிப்பொருட்களைச் சோதிக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
பறவை நோக்கர்கள்,
பள்ளிக்கரணை, சென்னை.

பெறுநர்:
உயர்திரு உறுப்பினர் செயலர் அவர்கள்,
தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம்,
கிண்டி, சென்னை.

ஐயா / அம்மையீர்,

பொருள்: சதுப்புநிலப் பறவைகளின் முட்டைகளில் தீத்தடுப்பு வேதிப்பொருட்களை அளவிடக் கோருதல் – தொடர்பாக.

வணக்கம். 2022-இல் ராம்சர் தலமாக (பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக) அறிவிக்கப்பட்ட, சுமார் 1,247 ஹெக்டேர் பரப்புள்ள பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில் விடுமுறை நாட்களில் பறவைகளைக் கணக்கெடுத்து வருகிறோம். கடந்த ஆண்டு காற்றில் விழுந்த ஒரு காகக் கூட்டை எடுத்துப் பார்த்தபோது, அதில் குச்சிகளுக்குச் சமமாக ஒயர் துண்டுகளும், முட்டை கிடக்கும் குழியில் பழைய இருக்கையிலிருந்து பிய்த்து வந்த மஞ்சள் நுரைப்பஞ்சும் இருக்கக் கண்டோம். இம்மனுவுக்கு அந்தக் கூடுதான் காரணம்.

நுரைப்பஞ்சிலும், தொலைக்காட்சி, கணினி ஆகியவற்றின் பிளாஸ்டிக் உறைகளிலும் தீப்பிடிக்காமலிருக்கச் சேர்க்கப்படும் பிபிடிஇ எனும் புரோமின் சேர்மங்கள் அப்பொருட்களோடு வேதிப்பிணைப்பு கொள்ளாதவை. ஆகவே மெல்லக் கசிந்து, உணவு வழியாகப் பறவையின் கொழுப்பில் தங்கி, தாயிடமிருந்து மஞ்சள் கருவுக்குள் சென்றுவிடுகின்றன. அவற்றின் சிதைபொருட்கள் சில, வளர்ச்சியை ஒழுங்குபடுத்தும் தைராக்ஸின் எனும் தைராய்டு ஹார்மோனின் வடிவத்தை ஒத்திருப்பதால், அதைச் சுமந்து செல்லும் புரதத்தில் அதன் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. கனடாவில் அமெரிக்கக் கெஸ்ட்ரல் எனும் சிறு வல்லூறின் முட்டைகளில் இச்சேர்மங்களைச் செலுத்தி ஆய்ந்தபோது, குஞ்சுகளின் இரத்தத்தில் தைராக்ஸின் குறைந்திருந்தது. இவற்றுக்கு மாற்றாக வந்த பாஸ்பரஸ் வகைகளும் சாதுவானவை அல்ல. அவற்றுள் ஒன்றான டிடிசிபிபி செலுத்தப்பட்ட கோழிக் கருக்களில் தைராக்ஸின் குறைந்ததோடு, நச்சை முறிக்கும் கல்லீரல் நொதிகளுக்கான மரபணுக்களின் செயல்பாடும் மாறியது என்று 2013-இல் வெளியான கனடிய ஆய்வு காட்டியது. அக்கோழிக் கருக்களில் செலுத்தப்பட்ட அளவுகள் இயற்கையில் காணப்படுபவற்றைவிட மிக அதிகம் என்பதை மறைக்க விரும்பவில்லை. அதனாலேயே இங்குள்ள அளவை அறிய வேண்டும் என்கிறோம்.

2018-ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகள் பென்டா, ஆக்டா வகைப் பிபிடிஇ-க்களை (புரோமின் அணுக்களின் எண்ணிக்கையைக் குறிக்கும் பெயர்கள் இவை) தடைசெய்தன; எளிதில் அழியாத நச்சு வேதிப்பொருட்களைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையில் 2017-இல் சேர்க்கப்பட்ட டெக்கா வகை, அவ்விதிகளின் பட்டியலில் இடம்பெறவில்லை. பிபிடிஇ-க்களுக்கு மின்னணுக் கழிவு விதிகள் வகுத்த 0.1 சதவீத வரம்போ புதிய கருவிகளுக்கானது. பத்து, இருபது ஆண்டு பழைய தொலைக்காட்சிப் பெட்டிகள் எந்த வரம்புமின்றிக் காயலான் கடை வழியாகச் சதுப்புநிலத்தை ஒட்டிய குப்பைமேட்டுக்கு வந்துகொண்டேயிருக்கின்றன. செம்புக்காக ஒயரையும், அதோடு சேர்ந்த பிளாஸ்டிக்கையும் எரிக்கும் இடங்களில் புரோமின் கலந்த டயாக்ஸின்கள் எனும் கொடிய நச்சுகளும் உருவாகக்கூடும்.

எனவே, தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதியுடன், இனப்பெருக்கக் காலம் முடிந்தபின் பொரியாமல் கிடக்கும் பவளக்கால் உள்ளான், நீலத் தாழைக்கோழி, காகம் ஆகியவற்றின் கூமுட்டைகளைச் சேகரித்து, டெக்கா உள்ளிட்ட பிபிடிஇ-க்களையும் பாஸ்பரஸ் வகைகளையும் சோதித்து முடிவுகளைப் பொதுவெளியில் வைக்கவும், சதுப்புநிலத்தைச் சுற்றி ஒயர் எரிப்பதைத் தடுக்கவும், பழைய நுரைப்பஞ்சையும் மின்னணுப் பிளாஸ்டிக்கையும் மற்ற குப்பையோடு கலக்காமல் தனியே பெற ஏற்பாடு செய்யவும் ஆணையிடுமாறு பணிவுடன் வேண்டுகிறோம். கூடுகள் இருக்கும் இடங்களை எங்கள் குறிப்பேடுகளிலிருந்து தந்துதவ ஆயத்தமாக உள்ளோம்.

இப்படிக்கு,
பள்ளிக்கரணைப் பறவை நோக்கர்கள்