தொந்தரவு இல்லாத அயித்தை

காரைக்குடி

அன்புள்ள சொக்கு,

"அயித்தையால ஒரு தொந்தரவும் இல்லை, அமைதியா இருக்காங்க" என்று முதியோர் இல்லத்தில் சொன்னதை நல்ல சேதியாக எடுத்துக்கொள்ளாதே. அங்கெல்லாம் சத்தம் போடுகிறவர்களைத்தான் டாக்டரிடம் காட்டுவார்கள். மனச்சோர்வில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பவர்களால் வேலை மிச்சம், அதனால் யார் கண்ணிலும் படமாட்டார்கள்.

நம் பக்கத்து ஆச்சிமார் யாரும் மனசு சரியில்லை என்று வாய்விட்டுச் சொல்வதில்லை. "வயித்துல வாயு", "கைகால் அசதி", "என்னத்தை இருந்து" என்பார்கள். விடிகாலை 3 மணிக்கே விழிப்பு, பிடித்த பணியாரமும் அப்படியே திரும்பிப் போவது, பிள்ளையார் நோன்புக்கு இழை எடுக்கக் கூப்பிட்டாலும் எழுந்து வராதது, இப்படி 2 வாரத்துக்கு மேல் நீடித்தால் வயசு என்று தள்ளக்கூடாது. மாதா மாதம் எடை பார்க்கச் சொல். 50 கிலோ உடம்பு ஒரே மாதத்தில் இரண்டரைக் கிலோ இறங்கினால் உடனே டாக்டர் பார்க்க வேண்டும்.

முதியோர் மனச்சோர்வுக்கென்றே 15 கேள்விகள் உண்டு, ஆம் இல்லை என்று பதில் சொன்னால் போதும். மதிப்பெண் 5-ஐத் தாண்டினால் மனநல டாக்டரிடம் காட்ட வேண்டும். ஹாலில் டிவி ஓட, பக்கத்துக் கட்டில்காரர் காது கொடுத்துக்கொண்டிருக்கக் கேட்டால் எல்லாவற்றுக்கும் "நல்லாத்தான் இருக்கேன்" என்றுதான் வரும். தனி அறையில், காது மிஷினில் பேட்டரி இருக்கிறதா என்று பார்த்து மாட்டிவிட்டுக் கேட்கணும். கூடவே தைராய்டு, வைட்டமின் பி12, ஹீமோகுளோபின், சர்க்கரை, சோடியம் பார்த்துவிடட்டும். ஒன்றிரண்டு நாளில் திடீரென்று ஆள் குழம்பி உளறினால் அது வேறு. சிறுநீர்த் தொற்றோ உடம்பில் நீர் வற்றியதோ இருக்கலாம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

மருந்து விஷயத்தில்தான் நீ கறாராக இருக்க வேண்டும். தூக்கம் இல்லை என்றதும் அல்பிரசோலம் என்கிற தூக்க மாத்திரையை எழுதி வாங்கிவிடுவார்கள். ராத்திரி பாத்ரூமுக்கு எழும்போது தள்ளாடி விழுந்து இடுப்பெலும்பு முறிவதற்கு அந்த மாத்திரையே போதும். மனச்சோர்வுக்குக் கொடுக்கிற பழைய மாத்திரை அமிட்ரிப்டிலினும் இந்த வயசுக்கு ஆகாது. மலம் சிக்கும், நீர் அடைக்கும், புத்தி குழம்பும். பெரும்பாலும் செர்ட்ராலின் என்கிற மனச்சோர்வு மாத்திரையை 25 மில்லிகிராமில் தொடங்கி, டாக்டர் பார்த்துக் கூட்டுவார். அயித்தை பிரஷருக்கு நீர் மாத்திரை சாப்பிடுகிறார்கள், அதோடு இது சேர்ந்தால் ரத்தத்தில் சோடியம் உப்பு இறங்கும். தொடங்கி 2 முதல் 4 வாரத்துக்குள் மறுபடி ரத்தம் பார்க்கச் சொல். நர்ஸம்மா பெற்ற பிள்ளை நீ, இதைக் கேட்க வெட்கப்படாதே. குணம் தெரிய 4 முதல் 6 வாரம் ஆகும், வயசானவர்களுக்கு இன்னும் கூடப் பிடிக்கும். பத்தாம் நாளே "இதுவும் கேக்கலை" என்று நிறுத்துகிற குடும்பங்கள்தான் அதிகம். தேறிய பிறகும் குறைந்தது 6 மாதம் ஓடணும், நிறுத்துவதும் டாக்டர் சொல்லிப் படிப்படியாகத்தான்.

மாத்திரையோடு கைக்கு வேலையும் வேண்டும். "வாங்க, எல்லாரோடயும் உக்காருங்க" என்றால் வரமாட்டார்கள். அயித்தைக்குக் கொட்டான், அதான் ஓலைக் கூடை, முடையத் தெரியும். பாதி முடைந்த கொட்டான் ஒன்று, ஈரத்துணியில் சுற்றிய ஓலை, மூக்குக் கண்ணாடி, வெளிச்சமான தாழ்வாரம், காலை 10 மணிக்குப் பத்து நிமிடம். நாலு ஓலை முடைந்தாலே போதும். மனசு வரட்டும் என்று காத்திருந்தால் வராது. கை ஓடத் தொடங்கினால் மனசு பின்னாலே வரும். நீயும் போனில் "சாப்டீங்களா" என்று கேட்டு வைத்துவிடாதே. கும்மாயம் இனிப்புக்குப் பருப்பை எந்தப் பதத்துக்கு வறுக்கணும் என்று கேட்டுப் பார்.

"போய்ச் சேர்ந்தா தேவலை" என்று சொன்னால் பேச்சை மாற்றாதே. "உயிரை விட்டுடலாம்னு தோணுதா அயித்தை?" என்று நேராகவே கேள். கேட்பதால் இல்லாத எண்ணம் வந்துவிடாது. ஆமாம் என்றாலோ, மாத்திரையை விழுங்காமல் சேர்த்து வைத்தாலோ, தனியே விடாமல் அன்றே டாக்டரிடம் காட்டணும். மனநல உதவிக்கான அரசு போன் டெலி மானஸ் 14416, ராத்திரி பகல் எப்போதும் தமிழில் பேசலாம். இல்லத்துச் சுவரில் ஒட்டச் சொல். சிவகங்கை அரசு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது, செலவைப் பற்றி யோசிக்க வேண்டாம்.

கார்டியன் என்று கையெழுத்துப் போட்டவன் நீ. நான் கேட்டால் சொல்லமாட்டார்கள். இந்த வாரமே பேசி, இப்போது கொடுக்கிற எல்லா மாத்திரைச் சீட்டையும் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் வாங்கி எனக்கு அனுப்பு.

ஆத்தா